பாத்திரம் அறிதல்: தமிழ் ஈகை மரபில் தகுதித் தேர்வு யாருக்கு?

முன்னுரை

சங்கத் தொகை நூல்கள் தொடங்கி இருபதாம் நூற்றாண்டுக் கவிதை வரை ஈகை இடையறாது பேசப்படும் பொருளாகும். ஈதல் நன்று என்பதில் தமிழ்ப் புலவரிடையே கருத்து வேறுபாடு இல்லை. யாருக்கு ஈவது என்னும் வினா எழும்போதே வேறுபாடு தோன்றுகிறது. ‘பாத்திரம் அறிந்து பிச்சையிடு’ என்பது மக்கள் வழக்கில் உள்ள பழமொழி. இங்குப் பாத்திரம் என்பது ஏற்பவனின் தகுதியைக் குறிக்கும். கொடுப்பவன் ஆராய்பவனாகவும் ஏற்பவன் ஆராயப்படுபவனாகவும் நிற்கும் உறவையே இப்பழமொழி காட்டுகிறது.

இவ்வுறவை மாற்றி வைத்த சிந்தனை ஒன்றும் தமிழில் தொடர்ந்து வந்துள்ளது. பசித்தவனுக்குப் பசியே தகுதி. தேர்வுக்கு உரியவன் கொடுப்பவனே என்பது அதன் சாரம். இவ்விரு போக்குகளையும் சங்கப் பாடல்கள், திருக்குறள், மணிமேகலை, வள்ளலாரின் உரைநடை ஆகியவற்றிலும், சத்திரம், பஞ்ச நிவாரணம், பள்ளி உணவு ஆகிய நடைமுறைகளிலும் வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது.

பரிசிலும் சோறும்

சங்க இலக்கியத்தின் ஈகையைப் பொதுவாகக் கடையெழு வள்ளல்களின் புகழோடு சேர்த்தே காண்பது வழக்கம். பாரி, பேகன், காரி, ஆய், அதியன், நள்ளி, ஓரி ஆகிய எழுவரையும் ஒருங்கே தொகுத்துரைப்பது சிறுபாணாற்றுப்படை. ஆனால் அக்காலக் கொடையில் இருவகை உண்டு. ஒன்று கலைக்கும் புலமைக்கும் உரிய பரிசில். மற்றொன்று பசித்தோர்க்குரிய சோறு. இவ்விரண்டையும் ஒன்றாகக் கொள்வதால் மயக்கம் நேர்கிறது.

பரிசிலில் தகுதி ஆராயப்பட்டது. மலையமான் திருமுடிக்காரியைப் பாடிய கபிலர், கொடுத்தல் எளிது, வந்தோரின் வரிசையை அறிந்து கொடுத்தலே அரிது என்று அவனுக்கு அறிவுறுத்துகிறார் (புறநானூறு 121). எல்லாப் புலவரையும் ஒரே வகையாக நோக்குதல் கூடாது என்பது அவர் வேண்டுகோள். இது புலமையைப் பற்றிய தேர்வேயன்றி வறுமையைப் பற்றிய தேர்வு அன்று. அப்புலவரும் கொடுப்போனைத் தேர்ந்தனர். அதியமான் நெடுமான் அஞ்சி தம்மைக் காணாமலே அனுப்பிய பொருளைப் பெருஞ்சித்திரனார் ஏற்க மறுத்தார். தாம் வாணிகப் பரிசிலர் அல்லர் என்பது அவர் தந்த காரணம் (புறநானூறு 208). அதே புலவர், குமணன் தந்த செல்வத்தோடு இல்லம் திரும்பியபோது, அதனைப் பாதுகாத்து வைக்குமாறு மனைவியிடம் கூறவில்லை. வேண்டியவர் வேண்டாதவர் என எண்ணாமல் எல்லோர்க்கும் கொடுக்குமாறே கூறுகிறார் (புறநானூறு 163). பரிசில் பெறும்போது தன் மதிப்பைக் காத்த புலவர், தாம் கொடுக்கும் நிலையில் பிறர் தகுதியை ஆராயவில்லை.

வறுமையை வெளியிலிருந்து நோக்காமல் அவ்வீட்டின் உள்ளிருந்து நோக்கும் காட்சியும் சிறுபாணாற்றுப்படையில் உள்ளது. நல்லியக்கோடனிடம் செல்வதற்கு முன்னர்ப் பாணனின் இல்லம் இருந்த நிலையை நத்தத்தனார் விவரிக்கிறார். அடுக்களையில் குட்டி ஈன்ற நாய் பசியால் குரைக்கிறது. இல்லத்தரசி குப்பையில் முளைத்த கீரையைக் கிள்ளிவந்து உப்பின்றி வேகவைக்கிறாள். அதனைச் சுற்றத்தோடு உண்பதற்கு முன் அவள் வாயிற்கதவை அடைக்கிறாள். வறுமையின் இயல்பறியாத பிறர் கண்டுவிடக் கூடாதென்னும் நாணமே காரணம். அடைக்கப்பட்ட அக்கதவு ஈகை பற்றிய ஆராய்ச்சியில் முதன்மையான சான்றாகும். பசியோடு நாணமும் சேர்ந்திருக்குமிடத்தில், வந்து கேட்போர்க்கு மட்டும் கொடுக்கும் கொடை சென்றடைவதில்லை. கேட்போரை ஆராய்ந்து கொடுக்கும் கொடையோ அதனினும் குறைவாகவே சென்றடையும்.

திருக்குறளின் வைப்புமுறை

திருக்குறளில் ஒப்புரவறிதல், ஈகை, புகழ் ஆகிய அதிகாரங்கள் (22, 23, 24) அறத்துப்பாலின் இல்லறவியலில் உள்ளன. நல்குரவு, இரவு, இரவச்சம் ஆகியவை (105, 106, 107) பொருட்பாலின் இறுதிப்பகுதியில் உள்ளன. ஈதல் தனிமனிதனின் அறமாகவும், வறுமை நாட்டின் பொருள்நிலை சார்ந்த செய்தியாகவும் இருவேறிடங்களில் வைக்கப்பட்டிருப்பது கருதத்தக்கது. ஈகையால் வறுமை நீங்கிவிடும் என்று குறள் எங்கும் கூறவில்லை. ஈகை அதிகாரத்தைப் படித்து முடித்தவன், எண்பது அதிகாரங்களுக்குப் பின்னரும் வறியவன் இருப்பதைக் காண்கிறான்.

தகுதி பற்றிய வினாவிலும் வள்ளுவர் நுட்பமான வேறுபாடு காட்டுகிறார். முயன்று ஈட்டிய பொருள் தக்கார்க்கு உதவுவதற்கே என்று ஒப்புரவு அதிகாரம் (212) கூறுகிறது. ஒப்புரவு என்பது ஊரோடு ஒத்து வாழ்வோன் செய்யும் பொதுக் கடமை. அங்குத் தக்கார் என்னும் சொல்லுக்கு இடமுண்டு. ஈகை அதிகாரத்தின் முதற்குறளில் அச்சொல் இல்லை. வறியவர்க்குக் கொடுப்பதே ஈகை, பிறவெல்லாம் பயன் எதிர்பார்த்துக் கொடுப்பன என்பதே அதன் வரையறை. ஏற்பவனைப் பற்றி அங்குக் கேட்கப்படும் வினா அவன் வறியவனா என்பது மட்டுமே.

இரவு அதிகாரத்தின் முதற்குறள் (1051) இன்னும் ஒருபடி மேற்செல்கிறது. இரத்தற்குத் தகுதியுடையாரைக் கண்டால் இரக்கலாம். அவர் இல்லையென்று மறைத்தால் பழி அவரையே சேரும், இரந்தவனைச் சேராது என்பது அதன் கருத்து. இங்குத் தகுதி ஆராயப்படுவது கொடுப்பவனிடத்தில். பாத்திரம் அறியும் பொறுப்பு இரப்பவனிடம் வந்துவிடுகிறது. இதனையடுத்து வரும் இரவச்சமோ இரத்தலே கூடாது என்கிறது. இரந்துதான் உயிர்வாழ வேண்டுமெனின் உலகைப் படைத்தவனே கெட்டழியட்டும் என்று சினக்கிறது (1062). இவ்விரு அதிகாரங்களையும் முரண் என்று கருதுவோர் உளர். இரப்பவனைப் பழிப்பதற்காக இரவச்சம் பாடப்படவில்லை என்பதை உணர்ந்தால் முரண் நீங்கும். இரக்க வேண்டிய நிலையை உண்டாக்கிய ஒழுங்கே அங்குப் பழிக்கப்படுகிறது.

அமுதசுரபி: கொடுப்பவன் கைப் பாத்திரம்

பழமொழியில் ஏற்பவனின் தகுதியைக் குறித்த பாத்திரம் என்னும் சொல், மணிமேகலையில் கொடுப்பவளின் கையில் உள்ள கலத்தைக் குறிக்கிறது. முப்பது காதைகளில் பாத்திரம் என்னும் சொல்லைத் தலைப்பிலேயே தாங்கியவை மூன்று. மணிபல்லவத்தில் தீவதிலகையின் வழிகாட்டலால் அமுதசுரபியைப் பெற்ற மணிமேகலை உடனே உணவளிக்கத் தொடங்கிவிடவில்லை. அப்பாத்திரத்தில் முதற்பிச்சை இடத் தகுதியுடையவர் யார் என்பது முதலில் ஆராயப்படுகிறது, ஆதிரை தேர்ந்தெடுக்கப்படுகிறாள். காப்பியத்தில் நிகழும் ஒரே தகுதித் தேர்வு இதுவே. அதன்பின் காயசண்டிகை முதலாக உண்ண வந்த எவரிடமும் நீ யார் என்று கேட்கப்படவில்லை. சிறைக்கோட்டத்திலிருந்த குற்றவாளிகளுக்கும் உணவு வழங்கப்பட்டது; பின்னர் அச்சிறையே அறக்கோட்டமாயிற்று.

பதில் உதவி செய்ய வல்லவர்க்குக் கொடுப்பது அறத்தை விலைக்கு விற்பதாகும். ஏதும் செய்ய இயலாதவரின் பசியைக் களைவதே மெய்யான வாழ்க்கை என்பது இக்காப்பியத்தின் கோட்பாடு. ஆய் அண்டிரனை அறத்தை விற்கும் வணிகன் அல்லன் என்று புறநானூறு (134) முன்னரே போற்றியது. சாத்தனார் அப்புகழுரையை அனைவர்க்கும் உரிய அறநெறியாக விரித்தார்.

அமுதசுரபியை முதலில் கையாண்ட ஆபுத்திரன் தானே தகுதி மறுக்கப்பட்டவன். பிறந்தவுடன் கைவிடப்பட்டவன்; வேள்விப் பசுவைக் காத்ததற்காக ஊராரால் விலக்கப்பட்டவன். மதுரையில் ஐயம் ஏற்று, கிடைத்ததைக் கண்ணிலார், காதிலார், கால் முடம்பட்டார், ஆதரவிலார், நோயாளர் ஆகியோர்க்கு முதலில் ஊட்டி, எஞ்சியதை உண்டவன். கொடுப்பவனும் ஏற்பவனும் வேறுவேறு இனத்தவர் அல்லர் என்பதை அவன் வாழ்வு காட்டுகிறது.

அவன் கதையின் முடிவு பொருளாழம் உடையது. அவனது அறத்தின் பெருமையைப் பொறாத இந்திரன் அவனை அழிக்க முற்படவில்லை. பாண்டிய நாட்டில் மழையைப் பெய்வித்தான். நிலம் விளைந்தது, உண்ண வருவோர் இல்லாமற்போயினர். சாவக நாட்டில் பஞ்சம் எனக் கேட்டு ஆபுத்திரன் கடல் கடந்தான். இடைவழியில் மணிபல்லவத்தில் தனித்து விடப்பட்டு, பயன்படாத பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் விட்டு உண்ணாது உயிர்நீத்தான். மழைக்குப்பின் அமுதசுரபிக்கு வேலையில்லை என்று கூறும் துணிவு இக்காப்பியத்திற்கு இருந்தது. ஈகையின் நிறைவு ஈகை தேவைப்படாத நிலை என்பதே இதன் உட்பொருள். உண்டி கொடுத்தலை உயிர் கொடுத்தலாகக் கண்ட குடபுலவியனாரும், உணவென்பது நிலமும் நீரும் சேர்வதே எனக் கூறி, நீர்நிலை அமைக்குமாறு பாண்டியன் நெடுஞ்செழியனை வேண்டினார் (புறநானூறு 18). தனிக்கொடையிலிருந்து நீர்மேலாண்மைக்கு நகரும் இச்சிந்தனை பழமையானது.

அறக்கட்டளைகளும் சத்திரங்களும்

இலக்கியம் வகுத்த நெறியை நிறுவனங்கள் முழுமையாகப் பின்பற்றின எனக் கூற இயலாது. கோயிற் கல்வெட்டுகள் குறிக்கும் உணவு அறக்கட்டளைகளில் பல, உண்போர் யாவர் என்பதை வரையறுக்கின்றன. வேதம் வல்ல பிராமணர், சிவயோகியர், மாகேசுவரர், திருவைணவர் எனப் பயனாளிகள் பெயர் சுட்டப்படுகின்றனர். வீரராசேந்திரன் காலத்துத் திருமுக்கூடல் கல்வெட்டு கூறும் ஆதுலர் சாலை பதினைந்து படுக்கைகள் கொண்டது. அது அங்குப் பயின்ற மாணாக்கர்க்கும் கோயிற் பணியாளர்க்கும் உரியது. இவை அக்காலத்தில் அரிய பணிகள் என்பதில் ஐயமில்லை. ஆயினும் மணிமேகலையின் உலக அறவியைப் போல அனைவர்க்கும் திறந்த வாயில் அவற்றிற்கு இல்லை.

தஞ்சை மராத்திய மன்னர்களின் சத்திரங்கள் அவ்வாயிலை அகலமாக்கின. இரண்டாம் சரபோஜி ஒரத்தநாட்டில் முத்தாம்பாள் சத்திரத்தை நிறுவினார். 1799-ஆம் ஆண்டு உடன்படிக்கையால் ஆட்சியதிகாரத்தைக் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் இழந்த அவர், 1801-இல் ஆங்கிலேயப் பிரதிநிதிக்கு எழுதிய மடலில் சத்திரங்களின் நடைமுறையை விளக்கி, அவற்றைக் காக்குமாறு வேண்டினார். எல்லாச் சாதி வழிப்போக்கர்க்கும் உணவளித்தல், நோயுற்றோர்க்கு மருந்தளித்தல், கருவுற்ற பெண்களைப் பேணுதல், குழந்தைகளுக்குப் பால் வழங்குதல் ஆகியவை அம்மடலில் இடம்பெறுகின்றன. நாட்டை விட்டுக்கொடுக்க நேர்ந்த அரசர் சத்திரங்களுக்காக மன்றாடியது அவற்றின் மதிப்பைப் புலப்படுத்தும். எனினும் உணவு அனைவர்க்கும் உரியதாயினும் பந்தி அனைவர்க்கும் ஒன்றாக இல்லை. சாதி வேறுபாடு சத்திரங்களில் தொடர்ந்தது.

வடலூர் அடுப்பு

இவ்வேறுபாட்டையும் நீக்க முற்பட்டவர் இராமலிங்க வள்ளலார் (1823–1874). 1867-ஆம் ஆண்டு மே 23 அன்று வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். பார்வதிபுரத்து மக்கள் அளித்த நிலத்தில் அது அமைந்தது. அன்று மூட்டப்பட்ட அடுப்பு அணையாமல் காக்கப்பட்டு வருகிறது.

தருமச்சாலையின் கோட்பாட்டு விளக்கம் ‘ஜீவகாருண்ய ஒழுக்கம்’ என்னும் அவரது உரைநடை நூல். பசித்தவரின் நாடு, சமயம், சாதி, நடத்தை ஆகியவற்றை விசாரிக்காமல் உணவளிக்க வேண்டும் என்று அது விதிக்கிறது. நடத்தையையும் இப்பட்டியலில் சேர்த்திருப்பது கருதத்தக்கது. நல்லவன், உழைப்பாளி, பக்தன் என்னும் அளவுகோல்கள் அனைத்தும் இதனால் விலக்கப்படுகின்றன. புலால் உண்போரை வள்ளலார் தம் நெறிக்குப் புறவினத்தார் எனக் கருதினார். நெறி சார்ந்த உரிமைகளை அவர்க்கு அளிக்கவில்லை. ஆயினும் அவர்தம் பசியை நீக்குதல் கடமை என்றார். கொள்கையில் இவ்வளவு உறுதியுடைய ஒருவர், உணவளிப்பதை அக்கொள்கைக்கு உட்படுத்த மறுத்தார் என்பதே அவரது ஈகைக் கோட்பாட்டின் தனிச்சிறப்பு.

பசி வந்தபோதும் அயலாரிடம் கேட்க வாய் எழாமல் மானத்தால் மயங்கும் மக்களையும் அந்நூல் தனியே குறிப்பிடுகிறது. சிறுபாணாற்றுப்படையில் கதவை அடைத்த இல்லத்தரசியின் நிலையே பல நூற்றாண்டுகளுக்குப்பின் வடலூரில் மீண்டும் கவனம் பெறுகிறது. விசாரணையின்றி எந்நேரமும் உணவு கிடைக்கும் இடம் அமைப்பதே அத்தகையோர்க்குச் செய்யக்கூடிய உதவியாகும்.

பஞ்சமும் தேர்வும்

வடலூரில் அடுப்பு மூட்டப்பட்டுப் பத்தாண்டுகள் நிறையும்போது தென்னிந்தியாவைப் பெரும்பஞ்சம் (1876–1878) வாட்டிக்கொண்டிருந்தது. இது தாது வருடப் பஞ்சம் என மக்கள் நினைவில் நின்றது. 1877-இன் தொடக்கத்தில் அரசின் சார்பில் சென்னை மாகாணத்திற்கு வந்த சர் ரிச்சர்டு டெம்பிள், நிவாரணப் பணியாளர்க்கான நாட்கூலியை ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும் எனக் குறைத்தார். உண்மையான தேவையுடையவன் குறைந்த கூலிக்கும் கடின உழைப்புக்கும் உடன்படுவான். அல்லாதவன் விலகிக்கொள்வான் என்பது இத்தகைய நிவாரணத்தின் அடிப்படை. மாகாணத்தின் சுகாதார ஆணையராக இருந்த கார்னிஷ், உழைக்கும் உடலைத் தாங்க இவ்வளவு தானியம் போதாது என்று எதிர்த்து வாதிட்டார். அவ்வாண்டிலேயே சென்னை அரசு கூலியை உயர்த்தியது. அதற்குள் முகாம்களில் மெலிந்து மடிந்தோர் பலர். பஞ்சத்தில் மாண்டோர் பல இலட்சம்.

‘பாத்திரம் அறிந்து பிச்சையிடு’ என்பதன் அரசாங்க வடிவமே இந்தத் தேர்வு முறை எனலாம். தகுதியற்ற ஒருவன் உண்டுவிடக் கூடாது என்னும் கவலை, தகுதியுள்ள ஒருவன் உண்ணாமல் இறந்துவிடக் கூடாது என்னும் கவலையை மிஞ்சியது. பசியால் உடல் தளர்ந்தவனுக்கே உழைப்புத் தேர்வில் வெற்றிபெறும் வாய்ப்பு குறைவு. தேவை மிகுதியாக உள்ளவனை முதலில் விலக்குவது இத்தேர்வின் இயல்பு.

மக்கள் வழக்கில் அதே காலம் வேறொரு சொல்லை நிலைநிறுத்தியது: கஞ்சித்தொட்டி. யாழ்ப்பாணத்தில் பஞ்சமும் நோயும் பரவிய அவ்வாண்டுகளில் ஆறுமுக நாவலர் கஞ்சித்தொட்டித் தருமம் நடத்தினார். சென்னையில் அதற்கு முந்தைய நூற்றாண்டின் இறுதியில் பஞ்சத்தின்போது கஞ்சி வார்க்கப்பட்ட மணியக்காரர் சத்திரத்தையொட்டி வளர்ந்த மருத்துவமனையே இன்றைய ஸ்டான்லி மருத்துவமனை. அதனைக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என மக்கள் நெடுங்காலம் வழங்கினர். இலங்கை, மலாயா, மொரிசியசு முதலிய நாடுகளில் இன்று வாழும் தமிழர் பலரின் முன்னோர், அந்நூற்றாண்டின் வறட்சிகளிலும் கடன்களிலும் ஊரைவிட்டுக் கப்பலேறியவரே. ‘பஞ்சம் பிழைக்கப் போதல்’ என்னும் தொடர் புலம்பெயர்ந்தோர் குடும்ப வரலாறுகளில் வழங்குவதன் காரணம் இதுவே.

பள்ளிப் பந்தியும் நியாயவிலைக் கடையும்

இருபதாம் நூற்றாண்டில் இவ்வினா அரசின் திட்டங்களுக்குள் நுழைந்தது. நீதிக்கட்சிக் காலத்தில் சென்னை மாநகராட்சிப் பள்ளியில் தொடங்கிய முயற்சியும், 1956-இல் காமராசர் ஆட்சியில் விரிந்த மதிய உணவுத் திட்டமும், 1982-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் தொடங்கிய சத்துணவுத் திட்டமும் இவ்வரலாற்றின் படிகள். பள்ளிப் பந்தி உணவை மட்டும் தரவில்லை. அருகருகே அமர்ந்து உண்ணும் பிள்ளைகளில் எவர் வீட்டில் அடுப்பெரியவில்லை என்பதை அது வெளிப்படுத்துவதில்லை. அந்த மறைவு ஒரு குழந்தையின் மானத்தைக் காக்கிறது. ஒரே பந்தியில் பல சாதிப் பிள்ளைகள் உண்பது சத்திரங்கள் எட்டாத நிலை. ஆனால் சமைப்பவரின் சாதியைக் காரணம் காட்டி உணவை மறுக்கும் நிகழ்ச்சிகள் இன்றும் செய்திகளில் இடம்பெறுவதால், அந்நிலை முழுமையாக வாய்த்துவிட்டதென்று கூற இயலாது.

இந்திய நடுவணரசு 1997-இல் பொது வழங்கல் முறையை வறுமைக்கோட்டிற்குக் கீழுள்ளோர், மேலுள்ளோர் எனப் பிரித்தபோது, தமிழ்நாடு அப்பிரிவினையைப் பின்பற்றாமல் அனைவர்க்குமான வழங்கல் முறையைத் தொடர்ந்தது. வருமானச் சான்று கேளாமல் அரிசி வழங்குவதால் தேவையற்றோரும் பெறுவர், அரசுக்குச் செலவு மிகும் என்பது எதிர்வாதம். அவ்வாதத்தில் உண்மையுண்டு. கசிவும் கள்ளச்சந்தையும் அம்முறையின் குறைகள். ஆனால் பட்டியலிட்டுப் பிரிக்கும் முறையில் நேரும் பிழை வேறுவகையானது. சான்று பெறும் வழியறியாத கைம்பெண்ணும், முகவரியற்ற கூலியாளும், கேட்க நாணும் முதியவரும் பட்டியலுக்கு வெளியே நின்றுவிடுவர். முதற்பிழையால் இழப்பது பொருள். இரண்டாவதால் இழப்பது உயிர். இரண்டில் எதனைத் தாங்கிக்கொள்வது என்பதே எந்த ஈகைத் திட்டமும் விடையளிக்க வேண்டிய வினா.

முடிவுரை

தமிழ் ஈகை மரபு ஒரே குரலில் பேசவில்லை. வரிசையறிந்து பரிசில் வழங்கும் நெறியும், பயனாளியை வரையறுக்கும் அறக்கட்டளையும், பாத்திரம் அறியச் சொல்லும் பழமொழியும் அதனுள் உண்டு. இவற்றை மறைத்து, தமிழர் என்றும் எல்லோர்க்கும் ஈந்தனர் எனக் கூறுவது ஆய்வு ஆகாது. புலமைக்குப் பரிசளிக்கும்போது தகுதி காண்பது பொருத்தமே. அந்த அளவுகோலைப் பசியின்மீது வைக்கும்போதுதான் அறம் பிறழ்கிறது.

இப்பிறழ்வை உணர்ந்து திருத்திய குரல்களும் இம்மரபிலேயே உள்ளன. வள்ளுவர் பழியை இல்லையென்று மறைப்பவன்மேல் வைத்தார். சாத்தனார் பாத்திரத்தைக் கொடுப்பவள் கையில் வைத்தார். வள்ளலார் விசாரணையை விலக்கினார். மூவரும் வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு சமயச் சூழலில் நின்று ஒரே திசையைக் காட்டியுள்ளனர். இன்று தமிழர் வாழும் நாடுகளில் கோயில் அன்னதானமும் அறநிறுவன உதவியும் பெருகியுள்ளன. உதவி நாடி வருவோரிடம் நிரப்பித் தருமாறு படிவம் நீட்டப்படும்போது, அதில் கேட்கப்படும் ஒவ்வொரு வினாவும் எவரை உள்ளே அழைக்கிறது, எவரைக் கதவை அடைத்துக்கொள்ளச் செய்கிறது என்பதை அப்படிவத்தை வகுப்போர் எண்ணிப் பார்த்தல் வேண்டும். சிறுபாணாற்றுப்படை காட்டும் இல்லத்தரசி அப்படிவத்தை நிரப்ப வரமாட்டாள்.